விதையில் உறையும் வேறுபாடு: இயற்கைத் தேர்வின் வரலாற்றில் மறக்கப்பட்ட பாதி

அருகருகே அமைந்த வயல்களுக்கு ஒரே நீர் பாய்ந்தும் அவற்றின் விளைச்சல் ஒன்றுபோல் அமைவதில்லை. திருக்குர்ஆனின் 13ஆம் அத்தியாயமான அர்ரஃது, தன் 4ஆம் வசனத்தில் இந்த அன்றாட உண்மையைச் சுட்டிக்காட்டிச் சிந்தனைக்கு அழைக்கிறது. இவ்வசனத்தை விரித்துரைத்த இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ், மறைவு ஹி. 606 / கி.பி. 1210) அவர்கள், மண்ணும் நீரும் ஒன்றாக இருக்க விளைவு மட்டும் வேறாவதற்குப் பொருள்களின் இயல்பு ஒன்றே காரணமாகாது, நாடிச் செயல்படும் ஞானமிக்க ஒருவன் இருந்தாக வேண்டும் என்று வாதிட்டார்கள்.

இமாம் அவர்கள் எழுப்பியது ‘யாரால்?’ என்னும் வினா. ‘எவ்வழியில்?’ என்பது வேறொரு வினா. முந்தையதற்கு விடை கண்டவர் பிந்தையதைக் கேட்கக் கூடாது என்று நம் முன்னோர் எவரும் விதித்ததில்லை. இக்கட்டுரை அந்த இரண்டாம் வினாவின் வரலாற்றை ஆராய்கிறது.

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் வட்டத்தில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேரும் இடம் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் முதலாம் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. கி.பி. 1068ஐ ஒட்டிய காலத்தது. 15 படுக்கைகள் கொண்ட ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலை அங்கு நடைபெற்றதையும், மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர் முதலானோர்க்கு ஊதியம் நெல்லாக அளக்கப்பட்டதையும் அக்கல்வெட்டு கூறுகிறது. நெல்லே நாணயமாக விளங்கிய நிலம் அது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் நெல்லை மாற்றி விதைத்த உழவர், எந்த நூலையும் படிக்காமலேயே ஓர் உண்மையை அறிந்திருந்தனர். வறட்சிக்கு ஒரு நெல், வெள்ளத்துக்கு ஒரு நெல், குறுகிய பட்டத்துக்கு ஒரு நெல் என்று பல வகை கையிருப்பில் இருந்தால்தான், வருவது எதுவாயினும் ஏதோ ஒன்று மிஞ்சும் என்பதே அந்த உண்மை.

இயற்கைத் தேர்வு என்றவுடன் நம்மில் பலர் நினைவுக்கு வருவது ‘வலியது வாழும்’ என்ற சொற்றொடர். போட்டியும் அழிவும் அக்கோட்பாட்டின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதி மாறுபாடு. ஓர் இனக்கூட்டத்தின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபட வேண்டும்; அவ்வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவதாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாயின், கேடு வரும்போது எல்லாம் பிழைக்கும் அல்லது எல்லாம் மடியும். இரண்டிலும் தேர்வு என்பதற்கே இடமில்லை. பொறுக்குவதற்குப் பலவகை இருந்தால்தானே பொறுக்க முடியும்? இந்த எளிய உண்மை அறிவுலகில் நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று.

நம் அறிஞர்கள் கண்டதும் காணாததும்

டார்வினின் கோட்பாடு முஸ்லிம் அறிஞர்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்று நம் மேடைகளில் சொல்லப்படுவதுண்டு. அதற்கு முதல் சான்றாகக் காட்டப்படுபவர் பஸ்ராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ் (மறைவு ஹி. 255 / கி.பி. 868-69). அவருடைய ‘கிதாபுல் ஹயவான்’ உயிரினங்கள் ஒன்றையொன்று உண்டு வாழும் சங்கிலியை நுட்பமாக விவரிக்கிறது. அதைவிடக் கூர்மையான ஒரு கவனிப்பும் அவருடைய எழுத்துகளில் உண்டு. அரபு நாட்டில் பனூ ஸுலைம் குலத்தார் வாழ்ந்த ‘ஹர்ரா’ என்பது எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல் வெளி. அங்கு மனிதரும் விலங்கும் பறவையும் பூச்சியும் கருநிறமாகவே இருப்பதாக அவர் குறிப்பிடுகிறார். அந்த நிலத்தின் தன்மையே அவற்றைக் கறுப்பாக்குகிறது என்பது அவர் தந்த விளக்கம்.

இதனோடு, அவருக்கு 1,100 ஆண்டுகளுக்குப் பின் நடந்த ஓர் ஆய்வை ஒப்பிடலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வெளிர் மணலுக்கு நடுவே கருநிற எரிமலைப் பாறைகள் உள்ளன. மணலில் வாழும் ஒருவகைப் பாலைவன எலி வெளிர் நிறம். பாறையில் வாழும் அதே இன எலி கருநிறம். மைக்கேல் நாக்மன் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, அக்கரு எலிகளின் நிறத்தை ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றங்களோடு தொடர்புபடுத்தியது. நியூ மெக்சிகோவின் பாறை வெளிகளிலும் கருநிற எலிகள் உண்டு. ஆனால் அவற்றின் நிறத்துக்கு அந்த மரபணு காரணமாகத் தெரியவில்லை. பாறை எலியைக் கறுப்பாக்கவில்லை. எலிகளுக்குள் ஏற்கெனவே பிறந்த நிற வேறுபாட்டில், கண்ணுக்கு எளிதில் படும் வெளிர் எலியை ஆந்தை கவ்விச் சென்றது. கரு எலி மிஞ்சிப் பெருகியது. நிலம் உருவாக்குகிறது என்றார் அல்ஜாஹிழ். உருவானவற்றில் நிலம் தேர்கிறது என்கிறது இன்றைய அறிவியல். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் மாறுபாடு என்னும் கருத்து.

இரண்டாம் சான்று அல்பீரூனி (கி.பி. 973 – 1048). இந்தியாவைப் பற்றி அவர் கி.பி. 1030 அளவில் எழுதிய பெருநூலில், வாசுதேவரையும் பாரதப் போரையும் பற்றிய இயலில் ஒரு வியப்பான பகுதி இருக்கிறது. உயிர்களின் பெருக்கத்துக்கு எல்லையில்லை, உலகுக்கோ எல்லை உண்டு என்று அவர் தொடங்குகிறார். உழவன் வேண்டிய பயிரை விட்டு மற்றவற்றைக் களைவதையும், மரம் வளர்ப்பவன் நல்ல கிளைகளை நிறுத்தி ஏனையவற்றை வெட்டுவதையும், உழைக்காமல் உண்பவற்றைத் தேனீக்கள் கொல்வதையும் எடுத்துக்காட்டுகிறார். இயற்கையும் இவ்வாறே செய்கிறது என்கிறார். இதுவரை படிப்பவர் இயற்கைத் தேர்வு முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்றே முடிவு கட்டுவார். ஆனால் அடுத்து அவர் சொல்வதை மேடைகளில் யாரும் எடுத்துரைப்பதில்லை. இயற்கை தரம் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லா நிலையிலும் அதன் செயல் ஒரே தன்மையது. பிறவற்றுக்கு இடம் உண்டாக்க இலையையும் கனியையும் உதிர்க்கிறது என்பது அவர் கருத்து. உழவனிடம் தேர்வைக் கண்ட அவர் இயற்கையிடம் அகற்றுதலை மட்டுமே கண்டார். எது அகன்றது, எது நின்றது, நின்றதன் சிறப்பு அதன் வழித்தோன்றலுக்கு இறங்கியதா என்ற வினாக்கள் அங்கு எழவில்லை.

அந்நூலின் அரபு மூலத்தை எட்வர்ட் ஸக்காவ் பதிப்பித்தது 1887இல். ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது 1888இல். டார்வின் மறைந்ததோ 1882இல். இரவல் பெற்றார் என்ற வாதம் ஆண்டுக் கணக்கிலேயே தடுமாறுகிறது. நம் முன்னோரின் பெருமை நாம் ஏற்றிச் சொல்வதால் கூடுவதில்லை. அவர்கள் கண்டதைக் கண்டதாகவும் காணாததைக் காணாததாகவும் கூறுவதே, அறிவிப்பாளரைத் தரம் பிரித்து ஆராயும் கலையை உலகுக்குத் தந்த சமுதாயத்துக்கு அழகு.

வால் வெட்டிய நாய்களும் எலிகளும்

டார்வினின் ‘இனங்களின் தோற்றம்’ 1859இல் வெளிவந்தது. புறாக்களையும் கால்நடைகளையும் பயிர்களையும் ஆராய்ந்து, ஓர் இனத்துக்குள் வேறுபாடு மலிந்து கிடப்பதை அவர் நிலைநாட்டினார். அவ்வேறுபாடு எங்கிருந்து வருகிறது, எவ்வாறு இறங்குகிறது என்பதை மட்டும் அவரால் விளக்க இயலவில்லை. தாய் தந்தையின் தன்மைகள் பாலும் நீரும்போல் கலக்கின்றன என்பதே அக்காலத்துப் பொதுக் கருத்து. பொறியியல் பேராசிரியர் ஃபிளீமிங் ஜென்கின் 1867இல் இதைக் கொண்டே கடுமையான தடை ஒன்றை எழுப்பினார். சிறந்த தன்மையுடன் ஒன்று பிறந்தாலும், அது மற்றவற்றோடு இணைந்து ஈன்ற குட்டியில் அத்தன்மை பாதியாகும், பேரக்குட்டியில் காலாகும், சில தலைமுறைகளில் கரைந்துபோகும். கரைந்துபோவதை எப்படித் தேர்வது? டார்வினிடம் இதற்கு நிறைவான விடை இல்லை.

ஜமாலுத்தீன் அஃப்கானி ஐதராபாத்தில் தங்கியிருந்தபோது, பொருள்முதல்வாதிகளை மறுத்து 1881இல் பாரசீக மொழியில் ஒரு நூல் எழுதினார். முஹம்மது அப்துஹு அதை அரபியில் தந்தார். டார்வினையும் அதில் அஃப்கானி சாடுகிறார். நாய்களின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டினால் வாலில்லா நாய் பிறக்கும் என்றால், பல நூற்றாண்டுகளாக விருத்தசேதனம் செய்துவரும் அரபியரிடையேயும் யூதரிடையேயும் அவ்வாறே குழந்தைகள் பிறந்திருக்க வேண்டாமா என்று அவர் கேட்டார்.

இதைப் படித்து நகைப்பவர் உண்டு. நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. சில ஆண்டுகள் கழித்து, 1880களின் இறுதியில், ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் வைஸ்மன் இதே வினாவை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். ஐந்து தலைமுறைகளாக எலிகளின் வாலை வெட்டினார். குட்டிகள் அனைத்தும் முழு வாலுடனேயே பிறந்தன. வாழ்நாளில் உடல் பெறும் மாற்றம் பிள்ளைக்கு இறங்குவதில்லை என்று அவர் முடிவு செய்தார். அஃப்கானி கூறியது உண்மையே. ஆனால் அந்த உண்மை வீழ்த்தியது வேறொன்றை. பெற்ற மாற்றம் மரபாக இறங்கும் என்ற பழைய கருத்தைத்தான் அது வீழ்த்துகிறது. டார்வினும் அக்கருத்தை முற்றிலும் கைவிட்டவரல்லர். வால் வெட்டிய நாய் வேறு, குட்டை வாலுடன் பிறந்த நாய் வேறு. பிறவியிலேயே அமைந்து வழிவழி இறங்கும் வேறுபாட்டில்தான் தேர்வு நிகழும்.

கரையாத மணிகள்

ஜென்கினுக்கு உரிய விடை, அவர் வினா எழுப்புவதற்கு முன்பே அச்சாகியிருந்தது. பட்டாணிச் செடிகளை ஆராய்ந்த துறவி கிரிகர் மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரை 1900 வரை உரிய கவனம் பெறவில்லை. மரபுத் தன்மைகள் பாலும் நீருமாகக் கலப்பதில்லை. தஸ்பீஹ் மணிகளைப் போல் தனித்தனியாக நின்று தலைமுறைதோறும் புதிய வரிசையில் கோக்கப்படுகின்றன. ஒரு தலைமுறையில் மறைந்திருந்த மணி அடுத்ததில் மாறாமல் வெளிப்படும். கரையாததால் வேறுபாடு அழிவதில்லை. அழியாததால் தேர்வுக்கு எப்போதும் பொருள் கிடைக்கிறது.

இங்கு ஹதீஸ் பயின்றோர் மனத்தில் ஒரு நிகழ்ச்சி எழாமல் இராது. அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றது அது. தம் மனைவி கருநிறக் குழந்தை ஈன்றதால் ஐயுற்ற ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை நபியவர்கள் கேட்டார்கள், சிவப்பு என்றார். அவற்றில் சாம்பல் நிறத்தது உண்டா என்று கேட்டார்கள், உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, முன்னோரின் ஏதோ ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்றார். உம் மகனையும் அவ்வாறே ஒரு வேர் இழுத்திருக்கலாம் என்பது நபியவர்கள் தந்த விடையின் கருத்து. ‘இர்க்’ என்னும் அச்சொல் நரம்பையும் வேரையும் குறிக்கும். இது ஒரு பெண்ணின் மானத்தையும் ஒரு குழந்தையின் வமிசத்தையும் காத்த சட்டத் தீர்ப்பு. இதனை மெண்டலின் விதி என்று உரிமை கொண்டாடுவது ஹதீஸுக்கும் அறிவியலுக்கும் நியாயமாகாது. எனினும் ஒரே நிற மந்தைக்குள் மறைந்திருக்கும் வேறுபாடு பின்னொரு தலைமுறையில் தலைகாட்டும் என்பது ஒட்டகம் வளர்த்தோர்க்கு நன்கு தெரிந்திருந்தது என்பதையும், கண்ணால் காணும் அச்செய்தியைக் கொண்டே நபியவர்கள் ஒருவரின் ஐயத்தை அகற்றினார்கள் என்பதையும் இதிலிருந்து அறிகிறோம்.

மாறுபாடு இன்றித் தேர்வு இல்லை என்பதைச் சோதனையால் நிறுவியவர் டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஜோஹான்சன். 1903இல் அவர் வெளியிட்ட அவரை ஆய்வு மிக எளிமையானது. கலப்பான விதைக் குவியலில் கனத்த விதைகளைப் பொறுக்கி விதைத்தால் அடுத்த விளைச்சலின் சராசரி எடை கூடியது. ஆனால் தன் மகரந்தத்தால் தானே கருவுறும் ஒரே செடியின் வழிவந்த ‘தூய வரிசை’ ஒன்றுக்குள் கனத்ததைப் பொறுக்கினாலும் இலேசானதைப் பொறுக்கினாலும் பிள்ளை விதைகளின் சராசரி ஒன்றாகவே இருந்தது. அவ்வரிசைக்குள் காணும் எடை வேறுபாடு மண்ணாலும் நீராலும் வந்தது, மரபால் வந்ததன்று. எனவே எத்தனை தலைமுறை பொறுக்கினாலும் பயனில்லை. ‘ஜீன்’ என்னும் சொல்லை 1909இல் உருவாக்கியவரும் இவரே.

பின்னர் ரொனால்டு ஃபிஷர் 1930இல் இதைக் கணிதமாக்கினார். ஓர் இனக்கூட்டம் தேர்வினால் மேம்படும் வேகம், வாழ்திறனில் அக்கூட்டத்துக்குள் உள்ள மரபு வேறுபாட்டின் அளவைப் பொறுத்தது. வேறுபாடு சுழியானால் வேகமும் சுழி. அவரோடு இத்துறையை நிறுவிய மூவருள் ஒருவரான ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்து, இந்தியக் குடியுரிமை பெற்று, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

நெல் சொல்லும் சான்று

இத்தத்துவங்களை நம் நிலத்திலேயே காட்டும் பயிர் நெல். அது பெரும்பாலும் தன் மகரந்தச் சேர்க்கையால் விளைவது. ஆகவே ஜோஹான்சனின் அவரையைப் போல் ஒவ்வொரு செடியும் ஒரு தூய வரிசைக்கு வித்தாகலாம். ஆனால் உழவர் வழிவழியாக விதைத்த பழைய நெல்வகை ஒவ்வொன்றும் இத்தகைய பல வரிசைகளின் கலவை. கோயம்புத்தூரில் 1912இல் நெல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தபோது அங்குள்ளோர் செய்தது, இக்கலவைக்குள் சிறந்ததைத் தேடிப் பிரித்ததுதான். ‘கோணமணி’ என்னும் நெல்லில் தானாகத் தோன்றிய மாறுபட்ட செடியிலிருந்து பிரித்தெடுத்து 1921இல் வெளியிட்ட வகை ஜி.ஈ.பி. 24. அன்றைய அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் பதவியின் ஆங்கில முதலெழுத்துகளே அதன் பெயர். மக்கள் அதைக் கிச்சிலிச் சம்பா என்று அழைத்தனர். தேர்வுக்கு வேண்டிய புதுப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுவே விடை: மரபணுவில் நேரும் திடீர் மாற்றம், இருவகை இணையும்போது நிகழும் புதுச் சேர்க்கை, வேற்று நிலத்திலிருந்து வந்து கலக்கும் விதை ஆகிய மூன்று வழிகள்.

ஜி.ஈ.பி. 24இன் வழித்தோன்றல்களுள் ஒன்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூர்க்குப்பம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.கே.எம். 6. இது திருமுக்கூடலைப் போன்ற ஏரிப்பாசன மண்ணின் நெல். உயரமாக வளர்ந்து சாயும் இதற்கு உலகப் புகழ் கிடைக்கும் என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960இல் தொடங்கிய பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. விளைச்சல் பெருகியது, கூடவே பூச்சியும் நோயும் பெருகின. அவற்றைத் தாங்கும் திறனைத் தேடியபோது டி.கே.எம். 6 கைகொடுத்தது. தண்டுத் துளைப்பானையும் இலைக்கருகல் நோயையும் எதிர்க்கும் அதன் பண்பு 1969இல் வந்த ஐ.ஆர். 20க்கு இறங்கியது. தமிழக வயல்களில் நெடுங்காலம் கோலோச்சிய நெல் அது.

இதனினும் வியப்பானது புகையான் பூச்சியின் வரலாறு. டி.கே.எம். 6 புகையானைத் தாங்காது. அவ்வாறிருந்தும் அதனோடு இன்னொரு தாங்காத நெல்லை இணைத்தபோது சில வழித்தோன்றல்கள் புகையானை எதிர்த்து நின்றன. 1974இல் இதற்கான விளக்கம் வெளியாயிற்று. எதிர்ப்புத் தரும் மரபணு டி.கே.எம். 6இல் முதலிலிருந்தே உண்டு. அதைச் செயற்படாமல் தடுக்கும் வேறொரு மரபணுவும் அதிலேயே உண்டு. கலப்பில் இரண்டும் பிரிந்ததும் மறைந்திருந்தது வெளிப்பட்டது. சிவப்பு மந்தையில் பிறந்த சாம்பல் ஒட்டகம் இங்கு நினைவுக்கு வருகிறது. வெளித்தோற்றத்தைக் கொண்டு ஒரு விதையைப் பயனற்றது என்று ஒதுக்குவது எவ்வளவு பிழை!

அந்த மரபணுவைத் தாங்கி 1973இல் ஐ.ஆர். 26 வெளிவந்தது. புகையான் ஒழிந்தது என்று எண்ணினர். இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் புகையான் அதே நெல்லைத் தின்று தீர்த்தது. பூச்சி பாடம் கற்றுக்கொண்டதா? இல்லை. கோடிக்கணக்கான புகையான்களுக்குள் வேறுபாடு இருந்தது. இந்த நெல்லைத் தின்று செரிக்கும் சில அவற்றில் முன்பே இருந்தன. பல்லாயிரம் ஹெக்டேரில் ஒரே நெல் நின்றபோது ஏனையவை பட்டினியால் மடிய, அச்சிலவே பெருகின. வேறுபாடு நிறைந்த பூச்சியும் வேறுபாடு அற்ற பயிரும் மோதினால் வெற்றி எப்பக்கம் என்பதை அந்த ஆண்டுகள் காட்டின.

1970களில் பரவிய நெல் புல்தழைக் குட்டை நோய் இதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து உணர்த்தியது. 6,000க்கும் மேற்பட்ட விதை மாதிரிகளைச் சோதித்தபின் வலுவான எதிர்ப்பு ஒன்றே ஒன்றில் கிடைத்தது. அது உத்தரப் பிரதேசத்தில் சேகரிக்கப்பட்ட ஒரு காட்டு நெல். உழவனுக்கு அது களை. அதன் மரபணுவும் டி.கே.எம். 6இன் வழிவந்த பண்புகளும் வேறு பல நாட்டு நெல்களின் கொடையும் சேர்ந்தே 1976இல் ஐ.ஆர். 36 ஆயின. 1980களில் ஒரு கோடியே பத்து இலட்சம் ஹெக்டேர் வரை அது பயிரிடப்பட்டது. அந்தக் களை அதற்கு முன்பே அழிந்திருந்தால் அந்த நெல் உருவாகியிருக்காது.

மனிதருக்குள்

இவ்விதி மனித உடலையும் விடுவதில்லை. ஆப்பிரிக்காவுக்கே உரியதென எண்ணப்பட்ட அரிவாள் வடிவ இரத்த அணுவை, நீலகிரிப் பழங்குடி மக்களிடம் 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் கண்டறிந்தனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அம்மரபணுவைப் பெறுபவருக்கு அது கொடிய நோய். ஒருவரிடமிருந்து மட்டும் பெறுபவருக்கு மலேரியாவிலிருந்து காப்பு. 1954இல் அந்தோணி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதை நிறுவினார். மலேரியா நிறைந்த மண்ணில் இம்மரபணு நிலைத்ததற்குக் காரணம் அதுவே. இந்திய மக்களிடமும் கிழக்கு அரேபியாவின் சோலை மக்களிடமும் காணும் இம்மரபணு ஒரே மூலத்தது என்று 1986இல் வெளியான ஆய்வு காட்டியது. அறிவியல் அதனை ‘அரபு - இந்திய’ வகை என்கிறது. குறை என்றும் நிறை என்றும் நாம் பிரிப்பவை இடத்தையும் காலத்தையும் பொறுத்தவை. நிறங்களின் வேறுபாட்டை இறைச்சான்றாகக் கூறும் வசனங்களை (30:22, 35:27-28) ஓதும் நமக்கு, அவ்வேறுபாட்டைக் கொண்டு மக்களை மேல், கீழ் என்று அடுக்கிய இனவாதம் சமயத்தாலும் பொய், அறிவியலாலும் பொய்.

முதல் மனிதரின் படைப்புப் பற்றிய அகீதா வினா இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இங்கு கூறப்பட்டவை அனைத்தும் வயலிலும் ஆய்வுக்கூடத்திலும் கண்ணெதிரே நிகழ்பவை. திரிப்போலி நகரின் மார்க்க அறிஞர் ஹுஸைன் அல்ஜிஸ்ர் 1888இல் எழுதிய ‘அர்ரிஸாலா அல்ஹமீதிய்யா’வில், ஐயத்துக்கு இடமில்லாச் சான்று ஒன்றை நிறுவுமாயின் வசனத்தின் வெளிப்பொருளை அதற்கேற்ப விளக்கலாம், ஊகத்துக்காக அவ்வாறு செய்ய வேண்டியதில்லை என்ற நெறியை டார்வின் விவாதத்துக்குப் பொருத்தினார். உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்தறிவதே அந்நெறியின் உயிர். முழுவதையும் மறுப்பதும் முழுவதையும் நமதென்று உரிமை கொண்டாடுவதும் அந்த உழைப்பைத் தவிர்க்கும் இரு வழிகளே.

கல்த் என்னும் செல்வம்

பேரீச்ச மரத்தை அதன் அடியில் முளைக்கும் கன்றைப் பிரித்து நடுவது பழைய வழக்கம். கன்று தாயின் அச்சு. எனவே கனியின் தரம் மாறாது. அதுவே ஆபத்தாகவும் முடிந்தது. மொராக்கோவின் தர்ஆ பள்ளத்தாக்கில் 1870ஐ ஒட்டித் தோன்றிய ‘பயூத்’ என்னும் பூஞ்சை நோய், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் அந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மரங்களை அழித்தது. புகழ்பெற்ற மஜ்ஹூல் வகை நோயைச் சற்றும் தாங்கவில்லை. கொட்டையிலிருந்து தானாக முளைத்த மரங்களை அந்நாட்டு உழவர் ‘கல்த்’ என்பர். கலப்பு என்று பொருள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்; பெரும்பாலானவற்றின் கனிக்குச் சந்தையில் மதிப்பில்லை. நோயைத் தாங்கி நல்ல கனியும் தரும் மரத்தை ஆய்வாளர்கள் இறுதியில் கண்டெடுத்தது இந்தக் கலப்பிலிருந்துதான். அதற்கு ‘நஜ்தா’ என்று பெயரிட்டனர். ஆபத்தில் வரும் உதவி என்பது அதன் பொருள்.

நம் விதைப் பண்ணைகளில் வயலில் வேறுபட்டு நிற்கும் செடியைக் ‘கலவன்’ என்று பிடுங்கி எறிகிறார்கள். விதையின் தூய்மைக்கு அது தேவை. ஆனால் ஊர் முழுவதும், மாவட்டம் முழுவதும் அதுவே நிகழ்ந்துவிட்டால், நாளை வரும் நோய்க்கு விடை சொல்லும் செடி எங்கு நிற்கும்? மறைந்த நெல் ஜெயராமன் 2018இல் இறக்கும் முன் 174 நாட்டு நெல்வகைகளைத் தேடி மீட்டார். பூங்காரும் கருங்குறுவையும் காட்டுயானமும் தூயமல்லியும் இன்று சில உழவர் கைகளில் மீண்டும் உள்ளன. விதை வங்கியின் குளிர் அறையில் உறங்கும் விதை பாதுகாப்பானதே. ஆனால் ஆண்டுதோறும் மாறும் மழைக்கும் பூச்சிக்கும் முகங்கொடுத்துத் தேர்வுக்கு உள்ளாவது வயலில் நிற்கும் விதைதான். இரண்டும் வேண்டும்.

பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி இன்று மணலே தெரிகிறது; பெருமழை பெய்தால் அதே ஆறு கரைபுரள்கிறது. வரப்போவது வறட்சியா வெள்ளமா என்பதை அறியாத நிலையில், இரண்டையும் தாங்கும் வகைகளை விட்டுவைப்பதே அறிவுடைமை. பூமியின் பொறுப்பாளராக மனிதனை நியமித்ததாக இறைமறை கூறுகிறது. அமானிதத்தைப் பெற்றவன் அதைப் பெற்றவாறே ஒப்படைக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் பாலபாடம். நாம் பெற்றது வேறுபாடுகள் நிறைந்த ஒரு களஞ்சியம். ஒற்றை விதையாக அதைச் சுருக்கி அடுத்த தலைமுறையிடம் கொடுத்தால், நாம் ஒப்படைத்தது அமானிதம் ஆகாது.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.